வலது கன்னம்

இந்தியாவில் பொய் சொல்லாத போட்டோ ஒன்றே ஒன்றுதான் பாக்கி. ஆதார் கார்டில் இருப்பது. அதில் நானும் நீங்களும் ஏதோ சந்தேகக் கேஸில் பிடித்து வைக்கப்பட்டவர்கள் போலத்தான் இருக்கிறோம். ஸ்டூலில் உட்கார வைத்து, "நேராப் பாருங்க... சிரிக்காதீங்க... முடிஞ்சுது, எந்திரிங்க" என்று அரை நிமிஷத்தில் கதையை முடித்துவிடுகிறார்கள்.

மற்றதெல்லாம் அலங்காரம்தான். என் நண்பன் ஒருவன் சேலத்தில் கணக்கு எழுதுகிறான். ஜாதகத்தோடு அனுப்புவதற்காக செல்போனில் ஒரு போட்டோ எடுத்தான். போனே அவனுக்கு முகத்தில் வெள்ளையடித்து, தாடையைச் செதுக்கி, முன்னந்தலையில் கொஞ்சம் முடியும் நட்டுக் கொடுத்தது. ராசிபுரம் பக்கம் பெண் பார்க்கப் போனோம். ஐந்து பேர் பாயில் வரிசையாக உட்கார்ந்தோம். பெண்ணின் தாய்மாமன் ஐந்து முகத்தையும் ஒரு ரவுண்டு பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்:

"மாப்ளைத் தம்பி அடுத்த பஸ்சுல வர்றாருங்களா?"

மாப்பிள்ளை என் பக்கத்தில்தான் முறுக்கு தின்று கொண்டிருந்தான்.

இது சிரிக்கிற சமாச்சாரம். அவ்வளவாகச் சிரிக்க முடியாத ஒன்று போன வருஷம் எங்கள் வீட்டிலேயே நடந்தது.

★

எங்கள் பெரியப்பா சங்ககிரிக்காரர். லாரி டிரைவர். 34 வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர். சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக் கொண்டு வடக்கே போனால் திரும்பி வர பதினைந்து நாள், இருபது நாள் ஆகும். வந்ததும் இரண்டு நாள் தூங்குவார். மூன்றாம் நாள் மறுபடி கிளம்பிவிடுவார்.

அவர் முகத்தில் ஒரு விசேஷம். இரண்டு பக்கமும் இரண்டு வயசு. இடது கன்னம் மாநிறம், மழமழவென்று இருக்கும். வலது கன்னம் நன்றாகக் கறுத்து, தடித்து, கண்ணோரத்திலிருந்து காதுவரை உழுத வயல் மாதிரி வரி வரியாக இருக்கும். சின்ன வயசில் நாங்கள் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, "இந்தப் பக்கம் பெரியப்பா, அந்தப் பக்கம் சித்தப்பா" என்று கன்னத்தைக் கிள்ளி விளையாடுவோம். அவரும் எங்களுக்காகத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டுவார்.

மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட பெரிய போட்டோ வேண்டும். வீட்டில் படித்தவன் நான்தான் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. அவர் மகள் கல்யாணத்தில் எடுத்த படம் ஒன்று பென் டிரைவில் இருந்தது. அதை எடுத்துக் கொண்டு ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன்.

கம்ப்யூட்டர் முன்னால் இருபது, இருபத்திரண்டு வயசுப் பையன். படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினான்.

"மூஞ்சி ரெண்டு கலரா இருக்குங்க சார். லைட்டிங் மிஸ்டேக். ஈவன் பண்ணிடட்டுங்களா?"

நான் தலையாட்டினேன். பையன் கெட்டிக்காரன். இடது கன்னத்தை அப்படியே வெட்டி எடுத்தான், கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பினான், வலது கன்னத்தின் மேல் ஒட்டினான், ஓரத்தை இழுத்து மெழுகினான். ஐந்தே நிமிஷம். பெரியப்பா பத்து வயசு குறைந்து, கூட்டுறவு பாங்கு டைரக்டர் மாதிரி ஆகிவிட்டார். போனஸாக சட்டைக்கு மேல் ஒரு கோட்டும் மாட்டினான். நான் பக்கத்தில் நின்று "சூப்பர் தம்பி" என்றேன். இதை ஒப்புக் கொள்ள வேண்டும். பழி பையன் மேல் மட்டும் இல்லை.

பிரேம் போட்டு வீட்டுக்குக் கொண்டு போனேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் "பேசற மாதிரியே இருக்குது" என்றார்கள். இது எல்லா போட்டோவுக்கும் சொல்வது. பெரியம்மா கிட்டே வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ரொம்ப நிதானமாகச் சொன்னார்:

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. பக்கத்துல வை. உங்க பெரியப்பன் போட்டோ எப்ப வரும்?"

★

மறுநாள் காலை கடை திறக்கும் முன்னாலேயே போய் நின்றேன். "தம்பி, அந்தப் பழைய படத்தையே போட்டுக் குடுத்துடு."

பையன் முழித்தான். "அது மேலயே சேவ் பண்ணிட்டேங்க சார்."

கல்யாண போட்டோகிராபரிடம் ஓடினோம். ஒரு வருஷத்துக்கு மேல் எதையும் வைத்துக் கொள்வதில்லையாம், ஹார்ட் டிஸ்கில் இடமில்லையாம். ஆல்பத்தில் பார்த்தால் மணமகன், மணமகள், பெரியப்பா, புரோகிதர் எல்லாரும் ஒரே மைதா மாவில் பிசைந்தது போல இருந்தார்கள். ஆதார் போட்டோவைப் பெரிசு பண்ணினால் கட்டம் கட்டமாக உடைந்து பாத்ரூம் மொசைக் ஆனது. கடைசி நம்பிக்கை டிரைவிங் லைசென்ஸ். பழைய புத்தக லைசென்ஸ். எடுத்துப் பார்த்தோம். சரியாக வலது கன்னத்தின் மேல் ஆர்.டி.ஓ. ஆபீஸ் சீல்!

34 வருஷம் உழைத்த மனுஷனின் முகம் இப்படி இரண்டே நாளில் உலகத்தில் இல்லாமல் போய்விட்டது.

★

இதெல்லாம் கம்ப்யூட்டர் வந்து கெடுத்தது என்று சொல்லிவிட முடியாது. உங்கள் தாத்தா பாட்டியின் பழைய கறுப்பு வெள்ளை போட்டோவை எடுத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் பாதிப் பேர் முகத்தில் அம்மைத் தழும்பு இருந்திருக்கும். போட்டோவில் இருக்காது. நெகடிவை வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்து வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். முகத்தில் கறுப்பாக இருக்கிற சுருக்கம் நெகடிவில் வெள்ளைக் கோடாக விழும். அதை பென்சிலால் நிரப்பினால் பிரிண்டில் சுருக்கம் போய்விடும். 'டச்சிங்' என்று பெயர். அதற்கென்றே ஸ்டுடியோவில் ஒரு ஆள் கண்ணைக் கெடுத்துக் கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அதற்கும் முன்னால் போவோம். நம்ம ஜில்லாவை ஆரம்ப காலத்திலேயே காமிராவில் பிடித்தவர்களில் லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்காரர் ஒருவர். மதராஸ் ராணுவத்தில் காப்டன். மதராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபராக மூட்டை முடிச்சுகளோடு தெற்கே சுற்றினார். ராயக்கோட்டையும் சேலம் ஜில்லாவின் மற்ற சில இடங்களும் என்று 1858-ல் ஒரு ஆல்பமே போட்டார். அன்றைய சேலம் ஜில்லாவில் நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடக்கம்.

அவருக்கு ஒரு தொல்லை இருந்தது. அந்தக் காலத்து நெகடிவுக்கு நீல நிற வெளிச்சம் மட்டும்தான் நன்றாக உறைக்கும். கோட்டையும் மலையும் ஒழுங்காக விழுவதற்குள் வானம் வெளிறிப் போய்விடும். மனுஷன் யோசித்தார். பிரஷ்ஷை எடுத்து நெகடிவிலேயே மேகம் வரைய ஆரம்பித்துவிட்டார். ஆக, போட்டோவில் கைவேலை என்பது இந்த ஊருக்கு வந்து 165 வருஷத்துக்கு மேல் ஆகிறது. நம் ஊரில் மேகம் பொய்யாவது புதிசு இல்லை.

அதே டிரைப் அதே வருஷம் தஞ்சாவூருக்கும் போனார். பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடுகிற கல்வெட்டை வரிசையாகப் படம் எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அங்கே வேலையே எழுத்தை உள்ளபடி பதிவு செய்வதுதான். வானத்தில் ஒரு மேகம் கூடினால் யாருக்கும் நஷ்டமில்லை. கல்வெட்டில் ஒரு எழுத்து கூடினால் கோயில் நிலம் கை மாறிவிடும்.

எனக்கு விஷயம் இங்கேதான் புரிந்தது. போட்டோவில் எதையும் தொடவே கூடாது என்றெல்லாம் சட்டம் போட முடியாது. எது மேகம், எது கல்வெட்டு என்று தெரிந்திருக்க வேண்டும். ஸ்டுடியோ பையனும் நானும் பெரியப்பாவின் வலது கன்னத்தை மேகம் என்று நினைத்துவிட்டோம். அது கல்வெட்டு.

★

கல்வெட்டு என்று சும்மா அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. டாக்டர் சாட்சி இருக்கிறது. 2012-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற அமெரிக்க மருத்துவப் பத்திரிகையில் ஒரு போட்டோ வந்தது. 69 வயசுக்காரர். 28 வருஷம் டெலிவரி லாரி ஓட்டியவர். முகத்தின் ஒரு பாதி அவர் வயசு, இன்னொரு பாதி அவருடைய அப்பா வயசு. வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர்களில் 'ஏ' வகை ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி உள்ளே வரும். ஜன்னல் பக்கத்துக் கன்னத்தை வருஷக்கணக்காகச் சுட்டுக் கொண்டே இருக்கும். அங்கே டிரைவர் இடது பக்கம் உட்காருவதால் அவருக்கு இடது கன்னம். நம் ஊரில் வலது பக்கம் உட்காருவதால் பெரியப்பாவுக்கு வலது கன்னம்.

அந்த ஒரு படம் உலகம் பூராவும் சுற்றியது. வெயில் தோலை என்ன செய்யும் என்பதைப் பத்துப் பக்கம் எழுதி விளக்குவதை விட அந்த மனுஷனின் முகம் நன்றாக விளக்கியது. அதை எடுத்தவர் 'லைட்டிங் மிஸ்டேக்' என்று ஈவன் பண்ணியிருந்தால்?

சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் இப்படி எத்தனை வலது கன்னங்கள் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போகிறவர்களையும் சேர்த்துக் கொள்ளுங்கள். இந்தப் பக்கத்து ஊர்கள் எப்படிப் பிழைத்தன என்ற சரித்திரம் அதில் எழுதியிருக்கிறது. அதைத்தான் நாம் சுத்தமாக அழித்து, கோட்டு மாட்டி, பிரேம் போடுகிறோம்.

★

வீட்டுப் போட்டோவுக்கே இந்தக் கதி என்றால் நாட்டுப் போட்டோவுக்கு?

2015 டிசம்பரில் சென்னை வெள்ளம். பிரதமர் மோடி வானிலிருந்து பார்வையிட்ட படத்தை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளத்தில் மூழ்கிய வீடுகள் துல்லியமாகத் தெரிந்தன. ரொம்பத் துல்லியம். ஒட்டு வேலை என்று ஊர் சிரித்தது. படத்தை எடுத்துவிட்டார்கள், இரண்டு படத்தை இணைத்தது தப்பு என்று வருத்தமும் தெரிவித்தார்கள். யோசித்துப் பாருங்கள். வெள்ளம் நிஜம். மூழ்கிய வீடு நிஜம். பிரதமர் வந்ததும் நிஜம். மங்கலான ஜன்னலை மங்கலாகவே விட்டிருந்தால் ஒரு ஆள் வாய் திறந்திருக்க மாட்டான். நிஜத்தின் மேல் பவுடர் போட்டதால் நிஜமும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளானது.

2023 மே 28-ல் டெல்லியில் நடந்தது இதைவிட மோசம். போராட்டத்தில் இருந்த மல்யுத்த வீராங்கனைகள் வினேஷ் போகாட், சங்கீதா போகாட் இருவரையும் போலீஸ் வண்டியில் ஏற்றிக் கொண்டு போனார்கள். வண்டிக்குள் எடுத்த செல்ஃபியில் இருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. சில மணி நேரத்தில் அதே படம் வேறு மாதிரி சுற்ற ஆரம்பித்தது. உதட்டோரத்தை இழுத்து, பல் வைத்து, கன்னத்தில் குழி போட்டு ஜம்மென்று ஒரு சிரிப்பு. 'பார்த்தீங்களா, பிக்னிக் போறாங்க' என்று பேச்சு. சிரிப்பு பொய் என்று அவர்கள் தரப்பில் சொல்ல வேண்டி வந்தது. ஒருவரின் அழுகையைத் திருடுவதற்கு இப்போது ஒரு செல்போன் ஆப் போதும்.

இதனால்தான் பெரிய இடங்களில் உஷாராகிவிட்டார்கள். 'வேர்ல்டு பிரஸ் போட்டோ' என்கிற சர்வதேசப் போட்டியில் கடைசிச் சுற்றுகளுக்கு வருகிறவர்கள் காமிராவில் முதலில் பதிவான ஃபைலையும் சேர்த்துக் காட்ட வேண்டும். அதுதான் டிஜிட்டல் காலத்து நெகடிவ். 2015 போட்டியில் அப்படிச் சரிபார்த்து, கடைசிக்கு முந்தின சுற்றுவரை வந்த படங்களில் ஐந்தில் ஒரு பங்கை வெளியே அனுப்பிவிட்டார்கள். நம் கோர்ட்டுகளிலும் 2024 ஜூலை 1 முதல் புது சாட்சியச் சட்டம். டிஜிட்டல் படத்தைச் சாட்சியாகக் கொடுத்தால் 'ஹாஷ்' என்று ஒரு நீளமான எண்ணைச் சான்றிதழில் குறிக்க வேண்டும். படத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். கள்ளத்தனம் தெரிந்துவிடும்.

எங்கள் பெரியம்மாவுக்கு ஹாஷ் எண் தேவைப்படவில்லை.

★

ஒரு நிமிஷம். எடிட் பண்ணாத படம் எல்லாம் சத்தியம் என்று கற்பூரம் அடிக்கவும் வேண்டாம்.

நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை செல்போனில் படம் எடுத்து வருகை போடும் முறை இருந்தது. சில இடங்களில் வேலைக்கு வந்தவர்களை எடுப்பதற்குப் பதில் பழைய போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றினார்கள். 2025-ல் மத்திய அமைச்சகமே இதைக் கண்டித்துச் சுற்றறிக்கை விட்டது. அந்தப் படங்களில் எடிட்டிங் ஒரு துளி இல்லை. அப்பட்டமான பொய், அவ்வளவுதான். (ஆபீஸில் யாரும் இதை முயற்சி செய்ய வேண்டாம்.)

இன்னொன்று கொஞ்சம் கனமானது. 1876-78 தாது வருஷப் பஞ்சம். சேலம் ஜில்லா அதில் படாதபாடு பட்டது. 1871 கணக்கெடுப்பில் ஜில்லாவில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881-ல் சுமார் 16 லட்சம். பத்து வருஷத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேல் தலை குறைந்துவிட்டது. அந்தப் பஞ்ச காலத்தில் மதராஸ் ராஜதானியில் பட்டினி கிடந்தவர்களை வில்லோபி ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி படம் எடுத்தார். எலும்பும் தோலுமாகக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிற படங்கள். பார்த்தால் சோறு இறங்காது. எந்த டச்சிங்கும் தேவைப்படாத படங்கள். ஆனால் அந்த ஜனங்களை வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுத்துவிட்டு, சோறு போடாமல் திருப்பி அனுப்பினார் என்று அவர் மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு.

அந்தப் படங்கள் இல்லையென்றால் பஞ்சம் என்பது நமக்கு வெறும் எண்ணிக்கையாக இருந்திருக்கும். அதனால் அவை வேண்டும். ஆனால் காமிராவுக்கு முன்னால் இருப்பதை மட்டும்தான் போட்டோ காட்டும். பின்னால் நிற்கிறவன் என்ன செய்தான் என்பதை நாம்தான் கேட்க வேண்டும். படத்தைத் தொடாமல் விடுவது பாதி நேர்மை. மீதிப் பாதி எடுக்கிறவனிடம் இருக்கிறது.

★

பெரியப்பா முகத்துக்கு வருகிறேன்.

காரியத்துக்கு முந்தின நாள், அவரிடம் ஆறு வருஷம் கிளீனராக இருந்தவர் துக்கம் கேட்க வந்தார். இப்போது அவரே டிரைவர். போட்டோ விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எங்கிட்ட ஒண்ணு இருக்குதுங்க. ஆனா நல்லா இருக்காதுங்க" என்று கூச்சத்தோடு செல்போனை எடுத்தார்.

வடக்கே எங்கேயோ ஒரு தாபா. பெரியப்பா குளித்துவிட்டு, தோளில் துண்டோடு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். பின்னால் எங்கள் ஊர் லாரியின் பின்பக்கம். காலை வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, யாரோ கூப்பிட்டதும் இடது பக்கம் திரும்பியிருக்கிறார். கை கொஞ்சம் ஆடியதில் படம் லேசாகக் கலங்கியிருந்தது. ஆனால் வலது கன்னம் முழுசாக, வரி வரியாக, வெயிலில் பளபளவென்று இருந்தது.

அதை எடுத்துக் கொண்டு அதே ஸ்டுடியோவுக்குப் போனேன். "தம்பி, எதையும் தொடாதே. துண்டைக்கூட. அப்படியே பிரிண்ட் போடு." பையன் போட்டான். அவனுக்குக் கை நமநமவென்று இருந்தது எனக்கே தெரிந்தது. பணம் கொடுக்கும்போது தலையைச் சொறிந்தான்.

"ஒண்ணுமே பண்ணாததுக்கு எவ்ளோங்க சார் வாங்கறது?"

முழுப் பணமும் கொடுத்தேன். அன்றைக்கு அவன் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

பெரியம்மா படத்தை வாங்கி மடியில் வைத்துக் கொண்டார். பேசவில்லை. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். விரல் அந்தக் கன்னத்திலேயே நின்றது.

"வண்டி விட்டு எறங்குனா இந்தப் பக்கந்தான் எரியுதும்பாரு. தேங்கா எண்ணெ தடவி உடுவேன்."

34 வருஷம் எண்ணெய் தடவிய கன்னத்தைத்தான் நான் ஐந்து நிமிஷத்தில் ஈவன் பண்ணச் சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்கு ஒரு சின்ன யோசனை. அழகு பண்ணுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரிஜினலை வேறு இடத்தில் காப்பி வைத்துவிட்டுப் பண்ணுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கி, என்றைக்கு எங்கே எடுத்தது என்ற விவரமும் உதிர்ந்துவிடும். முக்கியமான படத்தை 'டாக்குமெண்ட்' என்று அனுப்புங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை, அப்பா அம்மா சாதாரணமாக இருக்கும்போது, பில்டர் எல்லாம் அணைத்துவிட்டு ஒரு படம் எடுத்து வையுங்கள். திட்டுவார்கள். தலை வாரவில்லை என்பார்கள். எடுங்கள்.

கோட்டு போட்ட பெரியப்பாவைத் தூக்கிப் போட மனசில்லை. பீரோவுக்குப் பின்னால் இருக்கிறார். யார் என்று கேட்கிற குழந்தைகளிடம் "சித்தப்பா" என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

நண்பனுக்கு இன்னும் பெண் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். இந்தக் கதையெல்லாம் கேட்டு மனசு மாறி, அடுத்த இடத்துக்கு ஆதார் போட்டோவையே அனுப்பி விடட்டுமா என்று கேட்டான்.

அவ்வளவு உண்மை ஆகாது என்று தடுத்து வைத்திருக்கிறேன்.